அஞ்சு இலை வீடு

இல்ல சார், அந்த ஆணியில மாட்டாதீங்க, அது ஆடும். இந்தப் பக்கம் வாங்க. அவரு கட்டிலுக்கு மேல, ஃபேனுக்குப் பக்கத்துல ஒரு கொக்கி இருக்கு பாருங்க, அதுல கட்டுங்க. சீலிங்லேருந்து ஒரு முழம் கீழ எறங்கி நிக்கணும், ஜன்னல் வெயில் நேரா படக் கூடாது. சரிதானே? எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இந்த வீடு பெயிண்ட் வாசத்தோட காலியா கெடந்தப்ப, இதே ரூம்ல இதே மாதிரி ஒரு தெர்மாமீட்டர் தொங்குச்சு லா. நானும் இதே மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு நின்னேன்.

ஃபேன நிறுத்தணுமா? அதான் ரூலா? சரி சரி, நிறுத்துறேன். நிறுத்தாம எடுத்தா அப்புறம் அதையே ஒரு குத்தமா சொல்லுவாங்க. நான் பேப்பர வச்சு அவருக்கு விசிறிக்கிறேன், அதுக்கு ரூல் இல்லல்ல?

படியில வழுக்குச்சா? ஐயோ. கடைசிப் படிகிட்டயா? தண்ணி கொஞ்சம் சிந்திருச்சு. காலையில கழுவி விட்டேன். மேல் வீடுல்ல, நம்ம வாசல நாமதான பாத்துக்கணும். கையில என்னவா? இது ஒண்ணுமில்ல, துருப்புடிச்ச இரும்பு கீறிருச்சு. மஞ்சள் வச்சுக் கட்டியிருக்கேன், ஆறிடும்.

உக்காருங்க சார். பால்ல ரோஸ் சிரப் ஊத்தி பண்டுங் கலக்கி வச்சிருக்கேன், ஐஸ் போட்டு... நோன்பா? அட, நான் ஒருத்தி. நேத்துக்கூட தேக்கா பள்ளிவாசல்ல நோன்புக் கஞ்சிப் பானைய பாத்துட்டுத்தான் வந்தேன், இப்ப புத்தியில ஏறல பாருங்க. இந்தா எடுத்துட்டுப் போயிட்டேன். நானும் குடிக்கல. நீங்க தொண்ட வறண்டு உக்காந்திருக்க, நான் முன்னால நின்னு குடிச்சா நல்லாவா இருக்கும்.

பேரு? ஜலாலுதீன். நல்ல பேரு. சார்னு கூப்பிடாதீங்கன்னா எப்படி, ஆபீஸ்லேருந்து வர்ற ஆளு. சரி, பேரச் சொல்லியே கூப்பிடுறேன். எங்க ஆளுங்க உங்க வயசுப் பிள்ளைங்கள தம்பின்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு இன்னிக்கு என்னமோ அந்த வார்த்த வாயில வர மாட்டேங்குது. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

லுஹர் தொழணும்னா ஹால்ல தொழுதுக்குங்க, தொடச்சு வச்சிருக்கேன். எந்தப் பக்கம்? அந்தப் பக்கமா. அப்ப மாதா சொரூபம் உங்களுக்குப் பின்னாலதான் வரும், தொந்தரவில்ல. அந்த மெழுகுவத்திய மட்டும் தட்டி விட்டுறாதீங்க. ஏத்தலதான், சும்மாதான் நிக்குது. ஆனா எனக்கு அது வேணும்.

தொழுதாச்சா. வாங்க, இங்க உக்காருங்க, அவரு தூங்கல. தூங்குற மாதிரி இருக்கும். இவருதான் என் வீட்டுக்காரர், லாசரஸ். முப்பது வருஷம் தஞ்சோங் பகார்ல கப்பல்ல சாமான் எறக்குனவரு. இந்த வீட்டுக்கு வந்து ஏழாவது மாசம் ஸ்ட்ரோக் வந்து விழுந்துட்டாரு. வீட்டாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல. டாக்டரும் சொல்லல. பேச்சு போயிருச்சு, கை ரெண்டும் போயிருச்சு. கேக்கும், எல்லாம் புரியும். ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடித் தொறப்பாரு. இல்லன்னா ரெண்டு தடவ. இந்த ரூம்ல மத்தியானம் என்ன ஆகும் தெரியுமா? நெத்தி வேர்வ கண்ணுக்குள்ள எறங்கும். தொடைக்கக் கை வராது. நான் அடுப்படியில நின்னுருந்தேன்னா எனக்கும் தெரியாது. வந்து பாத்தா கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கும். அழுதாரா, வேர்வையான்னு கேக்குறதில்ல நான்.

பழைய வீடா? நாரிஸ் ரோட்டுல, கடைக்குப் பின்னால ஒரு அறை. எலி இருந்துச்சு, சத்தம் இருந்துச்சு. ஆனா சுவரு தடிமன், ஓட்டுக் கூர, தரையில படுத்தா முதுகு குளிரும். ஒரே ஒரு ஃபேன். எங்க வீட்டுல நாலு பேரு: இவரு, நான், எங்கம்மா, அப்புறம் பெர்னார்ட்.

ஆமா, உங்க ஆபீஸ் பெர்னார்ட் சாருதான். தெரியாதா உங்களுக்கு? சொல்லலையா? என் கூடப் பொறந்தவன். எனக்கும் அவனுக்கும் பதினாறு வயசு வித்தியாசம். எங்கப்பா போனப்ப அவனுக்கு ஆறு வயசு. இவருதான் தோள்ல தூக்கி வச்சு வளத்தாரு.

நல்லவரா? உங்களுக்கு வேல கத்துக் குடுத்தவரா? சந்தோஷம். நல்லாத்தான் கத்துக் குடுப்பான், படிப்புல கெட்டி. அவன் டெக்னிக்கல் பரீட்சைக்குப் படிச்சப்ப, அந்த ஒரே ஃபேன இவரு அவன் மேசைப் பக்கம் திருப்பி வச்சாரு. கப்பல்ல பன்னெண்டு மணி நேரம் மூட்ட தூக்கிட்டு வந்து, சட்டையக் கழட்டி, வாசப்படியில போயி உக்காந்துக்குவாரு. எங்கம்மா கேட்டா, புள்ள பேப்பர் பறக்குதாம், ஸ்பீட கொறச்சு வையின்னுதான் சொல்லுவாரு. ரெண்டு வருஷம் அப்படி. என்னங்க, சரியாத்தான சொல்றேன்? பாருங்க, கண்ண மூடித் தொறக்குறாரு.

அரை மணி நேரம் ஆச்சா? எவ்வளவு காட்டுது? முப்பத்தொண்ணா.

எழுதாதீங்க. பென்சில கொஞ்சம் கீழ வைங்க ஜலாலுதீன். கோவிச்சுக்காதீங்க. உங்க ஆபீஸ் லெட்டர் இந்தா, டிராயர்லயே வச்சிருக்கேன். இவரு தங்கச்சி மக, என் மருமக, படிச்சுக் காட்டுனா, நாலு தடவ படிக்கச் சொன்னேன். ரூம்ல சூடு முப்பத்திரெண்டத் தாண்டுனா இந்த வீட்டுக்கு மார்க்கா குடுத்த இலையப் புடுங்கணும், கட்டுன கம்பெனி அவங்க செலவுல மாடிக்கு மேல இன்னொரு ஸ்லாப் போட்டு நெழல் பண்ணித் தரணும். தாண்டலைன்னா என் புகார் முடிஞ்சு போச்சு, திரும்பக் கேக்க முடியாது. அப்படித்தான? முதல்ல மார்க் போட்ட ஆளு திரும்ப வரக் கூடாது, வேற ஆளுதான் வரணும், அதான் நீங்க வந்திருக்கீங்க. அதே லெட்டர்ல இன்னொண்ணு போட்டிருக்கு. மத்தியானம் ஒண்ணுலேருந்து நாலுக்குள்ள எடுக்கலாம்னு. ஒண்ணரைக்கே எடுத்துட்டு ஓடணும்னு போடலல்ல?

அடுத்த வீடு இருக்கா? மூணே முக்கால் வரைக்கும் இருந்தாப் போதும். கெழவி கெஞ்சிக் கேக்குறேன்னு வச்சுக்குங்க. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடப் புடிச்சு வைக்க மாட்டேன்.

உக்காந்துட்டீங்க. நல்லா இருப்பீங்க.

கீழ லிஃப்ட்டே இல்லாத கட்டடத்துக்கு வாசல்ல பித்தள பலகை பாத்தீங்கல்ல. அஞ்சு இலை. அத பெர்னார்ட் முதல்ல எனக்குச் சொன்னது எங்க தெரியுமா? லூர்து மாதா கோயில் வாசல்ல, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு. அக்கா, புது மாதிரி வீடு வருதுக்கா, ஏர்கான் வேணாம், கரண்ட் பில்லு பாதி, நாங்கதான் ஒவ்வொரு வீட்டுக்கும் மார்க் போடுறோம்னான். காத்துக்கு ஒரு இலை, வெளிச்சத்துக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு, கரண்டுக்கு ஒண்ணு, சூடு இல்லாததுக்கு ஒண்ணு. எங்களுக்கு அங் மோ கியோவுல மூணாவது மாடியில கவர்மெண்ட் எச்டிபி வீடு நம்பர் வந்திருந்துச்சு ஜலாலுதீன். சாவி வாங்க வேண்டியதுதான் பாக்கி. அத விட்டுரு அக்காங்குறான். இங்க கீழ் வீட்டுக்கெல்லாம் நாலு இலைதான், மேல் வீட்டுக்குத்தான் அஞ்சு, காத்து பிச்சுக்கிட்டு வரும்னான். எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மொட்ட மாடிக்குக் கீழ வீடு, சுடாதான்னு கேட்டேன். அதுக்கு இவரு என்னையத் திட்டுனாரு. புள்ள படிச்சிருக்கான், அவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுதோன்னாரு. அதுதான் அவரு கடைசியா என்னையத் திட்டுனது. இப்ப திட்ட மாட்டாரான்னு இருக்கு.

நம்பிக்க இல்லைன்னா நேர்ல வந்து பாருன்னு கூட்டியாந்தான். தெர்மாமீட்டரக் கட்டுனான். ரெண்டு மணி வெயிலு. எவ்வளவு காட்டுச்சுன்னு நெனைக்கிறீங்க? இருபத்தொம்பதர. எனக்கே கை கால் ஜில்லுன்னு இருந்துச்சு. பெயிண்ட் வாசமும் சேந்து தலைக்கு ஏறிருச்சு. அந்தக் குளுமைய என் உடம்பால உணர்ந்தேன், அதனால பொய்யின்னு எனக்கு எப்படித் தோணும்?

வந்து ஒரு மாசத்துல தெரிஞ்சு போச்சு. கீழ் வீட்டுச் சீனக்காரம்மா மேடம் கோ இருக்காங்களே, அவங்க மழக்காலத்துல கருவாடு காய வைக்க என் அடுப்படிக்கு எடுத்துட்டு வருவாங்க. என் வீட்ட விட உன் வீடுதான் சீக்கிரம் காயும்னு சொல்லுவாங்க, கிண்டல் இல்ல, நெசமாத்தான். மெழுகுவத்தி வாங்கியாந்து மாதா முன்னால வச்சா, ஏத்துறதுக்கு முன்னாடியே வளைஞ்சு கும்புடு போட்டுரும். வீடு மந்திரிக்க வந்த சாமியாரு பாத்துட்டு, உங்க மெழுகுவத்திக்கு உங்களவிட பக்தி ஜாஸ்தி அம்மான்னாரு. சிரிச்சேன். அவரு போனப்புறம் அழுதேன்.

அதோ அந்த மெழுகுவத்தியத்தான் சொல்றேன். இன்னும் நேராத்தான் நிக்குதா? லேசா சாயுதா? இல்ல. இன்னும் இல்ல.

பெர்னார்ட்கிட்ட சொன்னேனான்னு கேக்குறீங்க. சொன்னேன் லா. வந்தான், பாத்தான், ஜன்னலத் தொறந்து வையி அக்கான்னான். தொறந்துதான் வச்சிருக்கேன்னேன். பழகிரும்னான். அப்புறம் இவரு விழுந்தாரு. அப்பயும் ஒரு டேபிள் ஃபேன் வாங்கியாந்து குடுத்தான். கண்ணு கலங்குச்சு அவனுக்கு, நான் பாத்தேன். அதனால அவன் மேல எனக்குக் கோவம் வரல. மெஷின் தப்பா காட்டியிருக்கும்னு வச்சுக்கிட்டேன்.

போன மாசம் மேல தண்ணித் தொட்டி ஒழுகுச்சு. ரிப்பேர் பண்ண ஒருத்தன் வந்தான், சுந்தரம்னு. இந்தக் கட்டடம் கட்டுனப்ப கூலிக்கு இருந்தவனாம். மேல போற ஏணிச் சாவி எங்கிட்டதான் இருக்கும், மேல் வீடுல்ல. சாவி குடுத்தேன். எறங்கி வந்து டீ குடிக்கிறப்ப, பேச்சுவாக்குல சொல்றான். அக்கா, இந்த மாடியில நான் ஊத்துன தண்ணிக்கு ஒரு குளமே வெட்டியிருக்கலாம்னான். என்னப்பான்னேன். புது சிமெண்டு காயாம இருக்க சாக்கு போட்டு நனைப்போம் அக்கா, ஏழு நாளு, எல்லாக் கட்டடத்துலயும் செய்யிறதுதான், இங்க மட்டும் ஒண்ணர மாசம் நனைக்கச் சொன்னாங்க, மார்க் போட ஆளு வந்துட்டுப் போற வரைக்கும்னான்.

நான் டம்ளரக் கழுவிக்கிட்டு இருந்தேன். கழுவிக்கிட்டே இருந்தேன்.

ஆமா, நீங்க சொல்றதும் சரிதான். கம்பெனிக்காரன் நனைச்சா பெர்னார்டுக்கு என்ன தெரியும்? அவன் கீழ ரூம்ல தெர்மாமீட்டர் கட்டுறவன், மாடியில சாக்கு கெடந்தத பாத்திருக்க மாட்டான். நானும் அதேதான் சொல்லிக்கிட்டேன். முப்பது நாளு, முழங்கால் போட்டு செபம் சொல்றப்பெல்லாம் அதத்தான் சொன்னேன். அவன் மேல ஏறிப் பாக்கல. அவ்வளவுதான். ஏறிப் பாக்காதது ஒரு தப்பு, ஆனா சின்னத் தப்பு. சுந்தரத்துக்கிட்ட, யாரு நனைக்கச் சொன்னதுன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டா சொல்லிருவான்னு பயம். புரியுதா உங்களுக்கு?

புகார் எழுதுனப்பகூட பெர்னார்ட் பேர எழுதாதேன்னு மருமககிட்ட சொன்னேன். வீடு சுடுதுன்னு மட்டும் எழுதச் சொன்னேன்.

எம்ஆர்டி ரயிலுக்குத் தோண்டுறாங்க, அதான் அந்தச் சத்தம். காலையிலேருந்து இடிச்சுக்கிட்டே இருக்கான். உங்களுக்குத் தலைவலியா? மொகம் வெளிறிக் கெடக்கு. நோன்போட இந்தச் சூட்டுல உங்கள உக்கார வச்சிருக்கேன், எனக்குத் தெரியும் நான் செய்யிறது பாவம்னு. மொகத்த வேணா கழுவிக்கிட்டு வாங்க. குழாயில முதல்ல கொதி தண்ணி வரும், கொஞ்ச நேரம் விட்டுப் புடிங்க.

உங்களுக்கும் தெரியுதா? ஒண்ணரைக்கு நீங்க உக்காந்தப்ப இந்த ரூம் இப்படி இல்லல்ல. அதத்தான் நானும் சொல்றேன். வெயில் மாடியில விழுந்து, ஸ்லாப்ல எறங்கி, அப்புறம்தான் நம்ம தலைக்கு வரும். மெதுவா வரும். இவரு சட்டையத் தொட்டுப் பாருங்க. ஒரு நிமிஷம், கண்ண மட்டும் தொடச்சு விட்டுக்கிறேன். இந்தா ஆச்சுங்க. இன்னும் கொஞ்சம்தான். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

அங்க பாருங்க ஜலாலுதீன். மெழுகுவத்தி சாஞ்சிருச்சு.

இப்ப ஏறிப் பாருங்க. ஸ்டூல நான் புடிச்சுக்கிறேன். எவ்வளவு?

முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சுக்கு மேல ஒரு கோடா? அதையும் சேத்து எழுதுங்க. மணியையும் எழுதுங்க, மூணு நாப்பது. நான் கையெழுத்துப் போடணுமா? பிலோமினம்மாள்னு போடுறேன், தமிழ்ல போடலாம்ல.

ஒண்ணரைக்கு முப்பத்தொண்ணு, இப்ப முப்பத்தஞ்சு, அது எப்படின்னு கேப்பீங்க. கேக்கணும், உங்க வேல அது. ஏணிச் சாவி இந்தா. மேல போயிப் பாருங்க. மூலையில பதினொரு சாக்கு குமிச்சுக் கெடக்கும், அடியில இருக்குறது இன்னும் ஈரமா இருக்கும். படியில நீங்க வழுக்குன தண்ணி அதுலேருந்து சொட்டுனது. நான் கழுவல. பொய் சொன்னேன்.

காலையில எட்டர மணிக்கு பெர்னார்ட் வந்தான். தலையில ஒரு சாக்குக் கட்டு, தோள்ல ஒரு சாக்குக் கட்டு. அக்கா, மாடியில ஒரு சின்ன வேல, சாவி குடுன்னான். என் மொகத்தப் பாக்கல. இவரு ரூம் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு மேல போயிட்டான். பெரிய ஆபீஸரு, வாளி வாளியா தொட்டித் தண்ணிய மொண்டு ஊத்துறான், எனக்குக் கீழ சத்தம் கேக்குது. ஒரு மணி நேரம் ஊத்துனான். எறங்கி வந்து, சாயந்திரம் வந்து எடுத்துக்கிறேன் அக்கா, யாருக்கிட்டயும் சொல்லிக்காதன்னான். சரின்னேன்.

அவன் போனதும் இவருக்கிட்ட வந்து உக்காந்தேன். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான கெடந்தாரு. என்னங்க, மேல ஏறி எல்லாத்தையும் இழுத்துப் போட்டுறட்டுமா, ஆனா ஸ்லாப் திரும்பச் சூடாக நேரம் எடுக்கும், அது வரைக்கும் ஃபேன் இல்லாம நீங்க கெடக்கணுமேன்னு கேட்டேன். ரொம்ப நேரம் என்னையவே பாத்தாரு. அப்புறம் கண்ண ஒரு தடவ மூடித் தொறந்தாரு. ரெண்டாவது தடவ மூடலையே, மூடலையேன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். மூடல.

அம்பத்தாறு வயசுல ஏணி ஏறுனேன். கை கிழிஞ்சது அப்பத்தான்.

உங்ககிட்ட வாசல்லயே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா என்ன ஆகும்? அக்கா தம்பி சண்டம்பாங்க. நான் அவனக் காட்டிக் குடுத்த மாதிரியும் ஆகும். அந்தக் கண்ணாடிக் குழாய் சொல்லட்டும்னுதான் இவ்வளவு பேச்சும். அதுக்கு அக்கா கெடையாது, தம்பி கெடையாது. இந்தச் சாக்கு விஷயத்த நீங்க எழுதுறீங்களா இல்லையா, அது உங்க இஷ்டம். அவன் உங்களுக்கு வேல கத்துக் குடுத்தவன். நான் எழுதுங்கன்னும் சொல்லல, எழுதாதீங்கன்னும் சொல்ல வாய் வரல.

சாயந்திரம் வருவான். வந்து மேல போயிப் பாத்துட்டு எறங்கி வருவான்ல, அப்ப பசிக்கும். மீன் குழம்பு வச்சிருக்கேன், அவனுக்குப் புடிச்ச மாதிரி மாங்கா போட்டு.

எல்லாம் எழுதி முடிச்சாச்சா? அப்ப ஃபேன போட்டுக்கலாமா, தம்பி?